மேல்தளம் யாருக்காக?



‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்றார்கள் நம் முன்னோர். இன்று நம்மில் பலர் வீட்டைக் கட்டிப் பார்ப்பதில்லை, விளம்பரப் படத்தில் பார்த்து வாங்குகிறோம். தாம்பரத்தைத் தாண்டினால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் மனை விற்பனைப் பலகைகள்தாம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும் இப்பகுதியின் மீது இன்னும் பலருடைய கண் விழுந்திருக்கிறது. கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறைகளும், சுற்றிலும் மதிலும், வாசலில் காவலாளியும் கொண்ட வீடுதான் நடுத்தரக் குடும்பத்தின் கனவாகிவிட்டது.

சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவது பாவமா? இல்லவே இல்லை. பாபிலோனில் அகதிகளாய் வாழ்ந்த மக்களுக்கு, வீடுகள் கட்டி அவற்றில் குடியிருக்கும்படி இறைவாக்கினர் எரேமியா வழியாக ஆண்டவரே சொல்லியனுப்பினார் (எரே 29:5). மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில், சொந்த வீடு என்பது மனித மாண்போடும் குடும்ப வளர்ச்சியோடும் தொடர்புடையது என்று சுட்டிக்காட்டினார். வாடகை வீடுகளில் அலைந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார் இயேசு ஆண்டவர் (லூக் 14:28). நாமும் உட்கார்ந்து பார்ப்போமா?

முதலில் பணக் கணக்கு. 50 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். கடன் முடியும்போது நாம் கட்டியிருப்பது 1 கோடியே 4 லட்சத்துக்கும் மேல்! பத்திரப் பதிவின்போது முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 70 லட்சம் மதிப்பு என்றால் இதற்கே 6 லட்சத்து 30 ஆயிரம் தேவை. வட்டியும் நிலையானதல்ல. 2020 மே மாதத்தில் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 2025இல் மீண்டும் படிப்படியாகக் குறைந்தது. வட்டி ஏறியபோது வங்கிகள் பலருக்குத் தவணைத் தொகையை உயர்த்தாமல் ஆண்டுகளை நீட்டின. இதனால் பணி ஓய்வுக்குப் பிறகும் தவணை கட்ட வேண்டிய நிலை சிலருக்கு வந்தது. தொகையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.

வங்கி கணக்கிடாத வட்டி ஒன்றும் உண்டு. தவணைக்காகக் கணவன் மனைவி இருவரும் விடியற்காலையில் மின்சார ரயிலைப் பிடித்து இரவில் திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. குடும்பத்துக்காக வாங்கிய வீட்டில் குடும்பம் ஒன்றாக அமர்ந்து செபமாலை சொல்ல நேரமில்லை என்றால், அந்த வீடு யாருக்காக?

அடுத்து தண்ணீர்க் கணக்கு. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தரைத்தளத்தில் இருந்தவர்கள் மாடிக்கு ஏறி உயிர் பிழைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை மக்கள் மீண்டும் அவதிப்பட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் அதன் பெரும்பகுதியில் சாலைகளும் கட்டடங்களும் குப்பைமேடும் வந்துவிட்டன. நீர்நிலைகளை மனையாக்கியவர்களும் அதற்கு அனுமதி தந்தவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆயினும் வீட்டுக்குள் தண்ணீர் புகும்போது தவிப்பது வாங்கியவர்தான்.

ஆகவே கையெழுத்திடும் முன் திட்ட அனுமதியைச் சரிபாருங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்கப்படும் திட்டம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பத்திரங்கள் தெரியும், தண்ணீர் வந்த தடம் தெரியாது. அதை அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். மணல்மீது கட்டிய வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை (மத் 7:26-27) நமக்கு வெறும் உவமை அல்ல.

மூன்றாவது கணக்கைத்தான் நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அது மனிதர்களைப் பற்றிய கணக்கு. புது வீட்டின் மாடியைப் பற்றித் திருவிவிலியம் ஒரு சட்டமே தருகிறது. யாரும் விழுந்துவிடாதபடி மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் (இச 22:8). வீட்டை நம் பணத்தில் கட்டினாலும், அதன் மாடியில் ஏறுகிற அடுத்தவருக்கு நாம் பொறுப்பு. சூனேம் ஊர்ப் பெண் தன் வீட்டின் மேல் ஓர் அறை கட்டி, கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்தாள். வழிப்போக்கராய் வந்த எலிசாவுக்காக வைத்தாள் (2 அர 4:10).

நம் மேல்தளம் யாருக்காக? முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வரும் அம்மாவுக்குக் கீழே ஓர் அறை ஒதுக்கினோமா? மேல்தளத்தை வாடகைக்கு விடும்போது முதலில் கேட்பது பெயரையா, சாதியையா? ‘உங்க ஆளுங்களுக்குக் கொடுக்கிறதில்லை’ என்ற சொல்லைக் கேட்டு வாசலிலிருந்து திரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. தலித் சகோதரர்கள் அதே சொல்லைக் கிறிஸ்தவ வீட்டு வாசலிலும் கேட்டிருக்கிறார்கள் என்பதே நமக்கு வெட்கம். மதிலுக்குள் குடியேறியபின் அன்பியக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் காவலாளியிடம் பெயர் எழுதி, தொலைபேசியில் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ‘எதற்குச் சிரமம்’ என்று மெல்ல அவர்கள் வராமலே போகிறார்கள். வீட்டோடு வீடு சேர்த்து, பிறருக்கு இடமின்றித் தாங்கள் மட்டும் நாட்டில் குடியிருக்க நினைப்பவர்களுக்கு எசாயா ‘ஐயோ கேடு’ என்றார் (எசா 5:8). பாதுகாப்புக்காக எழுப்பிய சுவர் உறவுக்குத் தடையாகிவிடக் கூடாது.

அன்பார்ந்தவர்களே, பங்குத்தந்தையை வீடு மந்திரிக்க அழைப்பது நம் நல்ல வழக்கம். முன்பணம் கொடுக்கும் முன்பே ஒரு மாலை குடும்பமாக அமர்ந்து, திருப்பாடல் 127ஐ வாசித்து, இந்த மூன்று கணக்குகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தவணை தாங்குமா? தண்ணீர் வடியுமா? நம் வீட்டில் அடுத்தவருக்கு இடம் இருக்குமா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் துணிந்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சிறிய வீடு போதும், இன்னும் இரண்டு ஆண்டுகள் வாடகை வீடும் போதும். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் வீடுகளில் விருந்தினராக வந்து தங்குவதாக!