இறக்கை வைத்த குதிரையும் மேசைப் போர்க்களமும்

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களைப் பார்த்து வளரும் நீலகிரிப் பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டில் ஆசை இருப்பதில் வியப்பில்லை. மழை மாதங்களில் அவர்கள் மேசைமேல் சிறு படைவீரர் பொம்மைகளை நிறுத்தி ஆடினால், "உருவம் ஹராம்" என்று குப்பையில் எறியச் சொல்லும் பெற்றோர் நம்மில் உண்டு. அவர்களுடைய பேணுதல் மதிப்பிற்குரியது; தீர்ப்போ அவசரமானது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே துணி இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததை சுனன் அபூதாவூத் பதிவு செய்கிறது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளைச் சான்று காட்டி அன்னை விடையளிக்க, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். தடுக்கவில்லை.

இப்பொம்மைகளின் அடித்தட்டைக் கவனியுங்கள். அது வீரனைச் சாயாமல் நிறுத்துகிறது. பல ஆட்டங்களில் தொலைவை அதன் விளிம்பிலிருந்தே அளக்கிறார்கள். விமானத்தை உயர்த்தித் தாங்கும் நிறமற்ற தண்டும் அவ்வாறே ஆட்டத்தின் கருவி. சிலையை உயர்த்திப் போற்றும் பீடம் அன்று.

என் கவலை வீண்விரயம் பற்றியது. இறக்குமதித் தட்டுகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டுமா? இரும்புக் கடை வாஷரும் தீர்ந்துபோன பேனாவின் நிறமற்ற குழலும் போதுமே!

பெரியவர்கள் கண்ணாடி அலமாரியில் விளக்கிட்டு அடுக்குவது வேறு விஷயம். அதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆலிமிடம் கேட்டறியுங்கள். பிள்ளைகளின் படையோ, ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் போகட்டும். தொழும் அறையில் நிற்க வேண்டாம்.