சண்டை நேரத்தில் என்ன கேள்வி?

எல்லையில் குண்டு விழும்போது அரசாங்கத்தைக் கேள்வி கேட்கக் கூடாதாம். கட்சிக்காரர், கட்சியே வேண்டாம் என்பவர் என்ற பேதமின்றி இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வேதவாக்கு இது. மீறிக் கேட்டால் துரோகிப் பட்டம். சலூனிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் பட்டத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்: இந்த மௌனத்தால் களத்தில் நிற்கும் சிப்பாய்க்கு ஒரு நன்மையும் இல்லை.

படை எங்கே நகர்கிறது, விமானம் எங்கிருந்து கிளம்புகிறது என்பவை ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். அதை எந்தக் குடிமகனும் கேட்கவில்லை. 2025இல் பஹல்காம் படுகொலைக்குப் பின், ராணுவ நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று அரசு அறிவுறுத்த வேண்டியிருந்தது யாரிடம்? தேசபக்தியை முழங்கிய தொலைக்காட்சிகளிடம். செய்தியில் சைரன் ஒலியைப் போடாதீர்கள் என்றுகூடத் தனியாகச் சொல்ல வேண்டிவந்தது. பாகிஸ்தானுடன் சண்டை மூண்ட மே மாதத்தில் ஓர் இரவு முழுக்கக் கராச்சித் துறைமுகத்தை அந்தத் தொலைக்காட்சிகள் தகர்த்துக் கொண்டாடின. விடிந்து பார்த்தால் துறைமுகம் அப்படியே இருந்தது. பூஞ்ச்சில் பாகிஸ்தானின் குண்டுக்குப் பலியான மதரஸா ஆசிரியர் ஒருவரைப் பயங்கரவாதி என்றே சில சேனல்கள் அறிவித்தன. காவல்துறை மறுக்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்காத கூட்டம் கிடைத்துவிட்டால் பொய்க்குக் கொண்டாட்டம்தான்.

சரி, அரசை நம்பச் சொல்கிறவர்களாவது அரசை நம்பினார்களா? மே 10 அன்று சண்டை நிறுத்தத்தை அறிவித்தவர் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. அரசின் முடிவைத்தான் அவர் வாசித்தார். அதற்காக அவரையும் குடும்பத்தையும் வசைபாடி, எக்ஸ் கணக்கையே அவர் பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். அரசு சண்டை போடும்வரைதான் இவர்களுக்கு அரசு.

நம் விமானங்கள் விழுந்தனவா என்று கேட்டவர்களும் அப்போது தேசவிரோதிகள். மே 31 அன்று சிங்கப்பூரில், முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகானே இழப்பை ஒப்புக்கொண்டார். ஏன் விழுந்தன என்பதே முக்கியம், தவறைக் கண்டறிந்து திருத்திக்கொண்டோம் என்றார். ஏன் என்று தளபதி கேட்டால் போர்த்திறன், குடிமகன் கேட்டால் துரோகமா?

1962 சீனப் போரைப் பாருங்கள். பருத்தி உடையோடும் கான்வாஸ் ஷூவோடும் இமயத்தின் குளிரில் நம் வீரர்களை நிறுத்தியிருந்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கூட்டக் கோரினார் இளம் உறுப்பினர் வாஜ்பாய். நேரு அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. நவம்பர் 8 அன்று அவை கூடியது. சொந்தக் கட்சியினரே நெருக்கியதில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதற்குள் பதவி இழந்திருந்தார். 1940 மே மாதம், ஹிட்லரின் படை முன்னேறிக்கொண்டிருந்த வேளையில், நார்வே தோல்விக்காகப் பிரதமர் சேம்பர்லேனைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு நாள் வறுத்தெடுத்தது. மே 10 அன்று அவர் விலகினார், சர்ச்சில் வந்தார். போர் முடியட்டும் என்று அன்று அவர்கள் காத்திருந்தால்?

நமக்கும் இது புதிதல்ல. உறையூரைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட, உள்ளே இன்னொரு சோழன் நெடுங்கிள்ளி அடைத்துக் கிடக்க, யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதான் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் புலவர் கோவூர் கிழார். அவரைத் துரோகி என்று புறநானூறு பதிவு செய்யவில்லை.

"முடிந்த பிறகு கேளுங்கள்" என்பது அடுத்த சமாதானம். 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை 60 ஆண்டுகள் கடந்தும் அரசு வெளியிடவில்லை. மாறாக, கார்கில் போர் முடிந்த சூட்டிலேயே, 1999 ஜூலையில், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. உளவுத் துறையின் ஓட்டைகளை அது வெளிப்படையாகச் சொன்னது. சில பகுதிகள் மறைக்கப்பட்டாலும் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. பாதுகாப்பு உளவு முகமை பிறந்தது அதன் விளைவாகத்தான். கேள்விக்குப் பதில் கிடைத்தபோது ராணுவம் பலப்பட்டது. நாம் விடாமல் கேட்காவிட்டால் "பிறகு" என்பது வராமலே போகும்.

போரை முடிவு செய்கிறவர்கள் களத்தில் நிற்பதில்லை. களத்தில் நிற்கிறவருக்கோ வாய் திறந்து கேட்கும் உரிமை இல்லை. படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவே இடம் தருகிறது. ஒழுங்குக்காக அவர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறார். நம்மிடம் அதை யாரும் கேட்கவில்லை. நாமாகவே தூக்கிக் கொடுக்கிறோம். எதற்காக அனுப்புகிறீர்கள், எதைக் கொடுத்து அனுப்புகிறீர்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று அவருக்காகக் கேட்க நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை. அதைக் கேட்காமல் ஜெய்ஹிந்த் மட்டும் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.