விலையைக் குறைக்காதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

இந்த ஒரு வருடத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரே கேள்வியை அனுப்பிவிட்டார்கள். "டீச்சர், ஃபைவர், அப்வொர்க் மாதிரி இடங்களில் கட்டுரை எழுதிச் சம்பாதிக்கலாம் என்கிறார்களே, இறங்கலாமா?"

தாராளமாக இறங்கலாம். என் மாணவிகள் இரண்டு பேர் அதில் உழைத்து வீட்டுச் செலவில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்குச் சண்டை அந்தத் தொழிலோடு இல்லை. யூடியூபிலும் கல்யாணப் பந்தியிலும் இலவசமாகக் கிடைக்கிற ஓர் அறிவுரையோடுதான் சண்டை: "முதல் பத்து வேலையை அடிமாட்டு விலைக்குச் செய். ஸ்டார் விழட்டும். அப்புறம் ஏத்திக்கலாம்."

இதைச் சொல்கிறவர்கள் ஒரு தடவையாவது பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டார்களா?

ஃபைவர் 2010-இல் தொடங்கியபோது எந்த வேலையானாலும் ஐந்து டாலர் என்பதுதான் ஏற்பாடு. பெயரே அதனால் வந்தது. இன்று விலையைக் கூட்டி வைக்கலாம். ஆனாலும் புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த ஐந்திலேயே போய் நிற்கிறார்கள். அதில் 20 சதவீதம் நிறுவனத்துக்குப் போய்விடும். மிச்சம் நாலு டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 340 ரூபாய். அது நம் வங்கிக்கு வந்து சேர்வதற்குள் மாற்றுக் கட்டணம் தனி.

இப்போது வேலையைப் பாருங்கள். 500 வார்த்தைக் கட்டுரைக்கு விஷயம் தேட ஒரு மணி நேரம், எழுத ஒன்றரை, படித்துத் திருத்த அரை, "இன்னொரு தடவை மாற்றிக் கொடுங்கள்" என்றால் மேலும் ஒன்று. ஆக நாலு மணி நேரம். மணிக்கு 85 ரூபாய்! அதுவும் வேலை முடிந்த பிறகு 14 நாள் காத்திருந்துதான் எடுக்க முடியும். அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கவே 'கனெக்ட்' வேண்டும். ஒன்றின் விலை 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்று போதாது, பல கேட்கும். வேலை வருமுன்பே செலவு.

"ரேட்டிங் இல்லாதவனுக்கு யார் டீச்சர் வேலை தருவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதியவர்களை நம்ப வாங்குகிறவர் தயங்குவார். ஆனால் அதற்கு வழி விலையை வெட்டுவது இல்லை.

தெருமுனையில் பூ விற்கிற அம்மாவைப் பாருங்கள். கையில் காசு குறைவு என்று சொன்னால் அரை முழம் வெட்டிக் கொடுப்பார். ஒரு முழத்தை அரை முழத்தின் விலைக்குக் கொடுக்க மாட்டார். இதுதான் நான் சொல்ல வந்தது. விலையைக் குறைக்காதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள். ஐந்து டாலர்தான் வரும் என்றால் ஐந்து டாலர் வேலையைக் கொடுங்கள். 150 வார்த்தையில் ஒரு பொருளைப் பற்றிய விவரிப்பு, ஒரே ஒரு திருத்தம், ஒரு மணி நேர உழைப்பு. மணிக்கு 340 ரூபாய். அதே கணக்கில் நாலு மணி நேரக் கட்டுரைக்கு 20 டாலர் வையுங்கள். எத்தனை திருத்தம், எத்தனை நாள் என்பதையும் முன்கூட்டியே பதிந்துவிடலாம். சின்ன வேலை கொடுத்துப் பார்க்கிறவருக்கும் ஆபத்து குறைவு. ஸ்டாரும் விழும், உங்கள் மணி நேரத்தின் விலையும் விழாது.

அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கியவர், நீங்கள் ஏற்றினால் கூட வரமாட்டார். அடுத்த புதியவரைத் தேடிப் போவார். அப்போது நீங்கள் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. "காலை நடையின் பத்து நன்மைகள்" மாதிரி பொதுக் கட்டுரையை இப்போது இயந்திரம் நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறது. விலையைக் குறைத்து அதோடு ஓட்டப்பந்தயம் ஓடினால் தோற்பது நீங்கள்தான். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். நர்சிங் படித்தவள் வார்டில் பார்த்ததை வைத்து எழுதட்டும். ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவன் அதைப் பற்றி எழுதட்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவனுக்குத் துணியைப் பற்றித் தெரிந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? கணக்குத் தொடங்குவதற்கு முன்பே அப்படி மூன்று மாதிரிக் கட்டுரை கையில் இருக்க வேண்டும். நட்சத்திரம் இல்லாத இடத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.

இரண்டு எச்சரிக்கை. வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. 'பதிவுக் கட்டணம்', 'டெபாசிட்', டைப்பிங் வேலை கொடுத்துவிட்டுப் பிழை இருக்கிறது என்று வக்கீல் நோட்டீஸ் மிரட்டல், எல்லாம் ஒரே கூட்டம். பயந்து பணம் கட்டாதீர்கள். 1930-க்குப் போன் செய்யுங்கள். அடுத்து, "இங்கே வேண்டாம், டெலிகிராமில் பேசலாம், கமிஷன் மிச்சம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். தளத்துக்குள் இருக்கும்வரை வாங்குகிறவர் முன்கூட்டியே பணம் கட்டியிருப்பார். வெளியே போனால் அந்தப் பிடிமானம் போய்விடும், கணக்கையும் முடக்கிவிடுவார்கள்.

கடைசியாக உறவினர்களுக்கு. மருமகள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் "சும்மாதானே இருக்கிறாய், இந்தக் கீரையை ஆய்ந்து கொடு" என்று கூப்பிடாதீர்கள். அவளுடைய மணி நேரத்துக்கு வீட்டிலேயே மதிப்பு இல்லை என்றால், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரனிடம் அவள் எந்தத் தைரியத்தில் விலை சொல்வாள்? அடிமாட்டு விலை அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளைகளே, மாதிரிக் கட்டுரை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். பழையபடி சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். கட்டணம் கிடையாது. எனக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது. உங்களுக்கு வரவில்லை, அதனால் நீங்கள் சும்மா எழுதிக் கொடுக்காதீர்கள்.