ஓடாதா, ஓட விடவில்லையா?

விண்டோசும் மாக்கும் அல்லாத வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களைப் பார்த்து, "உங்கள் சிஸ்டத்தில் படம் ஓடாது, பாட்டுக் கேட்காது, அது ஆராய்ச்சிக்காரருக்குள்ள சாமான்" என்று சொல்லுவது வெகு காலமாக ஒரு வழக்கமாக இருந்து வருகின்றது. அப்படிச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் அது ஏன் ஓடாது என்று ஒரு நாளாவது யோசித்தவர்கள் அல்லர். ஓடாது என்று திரையில் எழுதிக் காட்டுகிறது, ஆதலால் ஓடாது என்பதே அவர்களது நியாயம். இந்த நியாயத்தைச் சிறிது பரிசோதித்துப் பார்க்கவே இதை எழுதுகின்றோம்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுவோம். 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் என்னும் பிரவுசரில் ஒரு வாசல் வைத்தார்கள். பிரவுசருக்குத் தானாகச் செய்யத் தெரியாத காரியத்தை வேறொரு கம்பெனியின் புரோகிராம் அந்த வாசல் வழியாக உள்ளே வந்து செய்துகொடுக்கும். இதற்குத்தான் பிளகின் என்று பேர். இவற்றில் பேர் போனது பிளாஷ். மேக்ரோமீடியா கம்பெனியின் கையிலிருந்த அதை, 2005இல் அந்தக் கம்பெனியோடு சேர்த்து அடோபி வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் பிறந்த யூட்யூபும் தன் படங்களைப் பிளாஷ் மூலமாகத்தான் காட்டிற்று. ஆகவே பிளாஷ் இல்லாதவனுக்கு இண்டர்நெட்டில் படமில்லை, பாட்டில்லை, பிள்ளைகளுக்கான பாடங்களிலும் பாதியில்லை என்ற நிலைமை ஏற்பட்டது.

இப்போது ஃபிரீபிஎஸ்டியைப் பார்ப்போம். 1993 முதல் நடந்து வருகின்ற சிஸ்டம் அது. அதன் மூலநிரல் முழுவதும் எவரும் படிக்கலாம், திருத்தலாம். இதற்கென்று அடோபி ஒரு நாளும் பிளாஷ் செய்துகொடுத்ததில்லை. லினக்ஸுக்குச் செய்தது, ஆனால் மனமில்லாமல் செய்தது: 7ஆம் பதிப்போடு நிறுத்தி, 8ஐக் கண்ணிலேயே காட்டாமல், 9ஐ 2007 ஜனவரியில்தான் கொடுத்தது.

ஃபிரீபிஎஸ்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்தச் சிஸ்டத்தில் லினக்ஸ் அடுக்கு என்று ஒன்று உண்டு. லினக்ஸ் புரோகிராம் ஒன்று, "இந்தப் பைலைத் திற, இவ்வளவு ஞாபக இடம் கொடு" என்று லினக்ஸ் பாஷையில் கேட்டால், அந்த அடுக்கு அதைப் புரிந்துகொண்டு ஃபிரீபிஎஸ்டியின் முறைப்படி செய்துகொடுக்கும். இதில் மாயமும் இல்லை, போலி இயந்திரமும் இல்லை. பிராசசர் ஒன்றே, அது செய்யும் கணக்கும் ஒன்றே, கேட்கிற மாதிரிதான் வேறு. ஆனால் ஃபிரீபிஎஸ்டிக்கான பிரவுசருக்குள் லினக்ஸ் பிளகின் நேராகக் குடியேற முடியாது. அதற்காக என்எஸ்பிளகின்ராப்பர் என்று ஒரு தரகுப் புரோகிராம் பயன்பட்டது. பிளகினைத் தனியாக ஓடவிட்டு, அது சொல்லுவதைப் பிரவுசருக்கும், பிரவுசர் சொல்லுவதை அதற்குமாகக் கடத்துவது இதன் வேலை.

ஆகவே ஒருவன் படம் பார்க்க வேண்டுமானால், லினக்ஸின் லைப்ரரிகளை ஒரு தனி டைரக்டரியில் இறக்கி வைக்க வேண்டும். லினக்ஸ் புரோகிராம் எட்டிப் பார்த்துக்கொள்ளும் புரோக் என்னும் இடத்தை அங்கே ஏற்றி வைக்க வேண்டும். தரகுப் புரோகிராமை அந்தக் கம்ப்யூட்டரை உபயோகிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் பேரில் ஒரு தரம் ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு படம் தெரியும், சத்தம் வராது. ஏனென்றால் பிளகின் ஆல்சா என்னும் லினக்ஸ் ஒலி முறையைத் தேடும். இங்கே இருப்பதோ ஓஎஸ்எஸ் என்னும் வேறு முறை. இரண்டுக்கும் இடையே இன்னொரு இணைப்புப் போட வேண்டும். காரணம் தெரியாதவன் இந்த இடத்தில், "ஸ்பீக்கர் கெட்டுப்போயிற்று" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவான்.

இவ்வளவும் செய்தால் ஓடிற்றா? ஓடிற்று. அப்படியானால் ஓடாது என்றது பொய்தானே? இயந்திரத்தில் குறையில்லை, சிஸ்டத்தில் குறையில்லை. செய்துகொடுக்க இஷ்டமில்லை என்பதற்கு ஓடாது என்று பேர் வைத்தார்கள்.

"சில பேருக்காக ஒரு கம்பெனி பணம் செலவழிக்க முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செலவழிக்க வேண்டாம். ஆனால் மற்றவன் தன் செலவில் செய்துகொள்ளுவதையாவது தடுக்காமல் இருக்கலாமல்லவா? பிளாஷ் பைலின் அமைப்பை விளக்கும் புத்தகத்தை அந்தக் கம்பெனி கொடுத்தது. ஆனால் அதைப் படித்துப் பிளாஷைக் காட்டும் புரோகிராம் எழுதக்கூடாது என்று அதிலேயே நிபந்தனையும் வைத்திருந்தது. 2008 மே மாதத்தில்தான் அந்த நிபந்தனையை எடுத்தது. இதனால் க்னாஷ் என்னும் சுதந்திரப் புரோகிராமை எழுதியவர்கள், விளக்கப் புத்தகம் இருந்தும் அதைத் தொடாமல், பைல்களைத் தாங்களே பிரித்து ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தானும் சமைக்கமாட்டேன், நீயும் அடுப்பு மூட்டாதே என்பதற்குச் செலவுக் கணக்கு எப்படிச் சமாதானமாகும்?

நிற்க. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபியே பிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அது படங்களைக் காட்ட மறுக்கும்படியும் செய்துவிட்டது. அன்றைக்கு விண்டோஸ்காரரும் ஃபிரீபிஎஸ்டிக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள்! பெரிய கூட்டத்தோடு இருக்கிறோம், நமக்கென்ன பயம் என்றிருந்தவர்களின் பாடங்களும் விளையாட்டுகளும்கூட ஒரு தேதியில் மூடிப்போயின. அவற்றில் பலவற்றை இன்று மறுபடி ஓட்டிக் காட்டுவது, ரஃபிள் என்னும் மூலநிரல் திறந்த புரோகிராம். இண்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலேயே அதை எடுத்துக்கொண்டது. ரஃபிள் பிரவுசருக்குள்ளேயே ஓடுவதால் பிளகினும் வேண்டாம், தரகும் வேண்டாம், ஃபிரீபிஎஸ்டியிலும் ஓடுகிறது.

பிளகின் ஒழிந்தது, இனித் தொல்லையில்லை என்று நினைப்பதற்கில்லை. வாசலை மூடிவிட்டு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். பூட்டுப் போட்ட படங்களைப் பிரவுசர் திறப்பதற்கான ஏற்பாட்டை இணையத் தர நிர்ணயச் சங்கமாகிய டபிள்யூ3சி 2017 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. அதை எதிர்த்து எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன் அந்தச் சங்கத்திலிருந்தே விலகிற்று. இந்தப் பூட்டுக்குப் பெரும்பாலும் வழங்கும் சாவி கூகிளின் வைட்வைன். ஃபிரீபிஎஸ்டிக்கென்று கூகிள் அதைச் செய்துகொடுப்பதில்லை.

இதில் வேடிக்கையைக் கேளுங்கள். நெட்ப்ளிக்ஸ் கம்பெனி உலகெங்கும் படங்களை அனுப்ப வைத்திருக்கும் சொந்த இயந்திரங்களில் ஓடுகின்ற சிஸ்டம் எது தெரியுமா? ஃபிரீபிஎஸ்டி! படத்தை லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்ப யோக்கியதையுள்ள சிஸ்டம், ஒரு வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்க மட்டும் யோக்கியதையில்லாததாய்ப் போய்விட்டது. பணம் கட்டிய சந்தாதாரன் பழையபடி லினக்ஸ் அடுக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. திருட்டைத் தடுக்கவே பூட்டு என்கிறார்கள். திருட்டுப் பிரதிகள் வெளிவருவது நின்றுவிட்டதா? காசு கொடுத்தவன் வெளியே நிற்பதைத்தான் பார்க்கிறோம்.

தோழர்கள் இனி எங்கேயாவது சந்தா கட்டுமுன், "எந்த எந்தச் சிஸ்டத்தில் ஓடும்?" என்று எழுதிக் கேட்க வேண்டும். ஓடாது என்று பதில் வந்தால், "ஏன் ஓடாது?" என்று இரண்டாவது கடிதம் போட வேண்டும். காரணம் வருகிறவரை பணத்தைப் பையிலேயே வைத்திருக்கலாம். பள்ளிக்கூடங்களும் சர்க்கார் ஆபீசுகளும் பாடங்களையும் படங்களையும் வெப்எம் போன்ற, எவரும் கூலி கொடுக்காமல் எழுதிக்கொள்ளக்கூடிய அமைப்பில் வெளியிடும்படி மனுக் கொடுப்பதும் அவசியம். ஜனங்களின் வரிப்பணத்தில் செய்த பாடத்துக்கு ஒரு கம்பெனியின் சாவி எதற்கு என்று அந்த மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளவும்.