கோப்பிற்கும் தமிழ்ப்பெயர்

பொருளைச் சுட்டுவதோடு பெயரின் பணி முடிவதில்லை. தேடுவோர்க்கு அப்பொருளை மீட்டுத் தருவதும் பெயரே. தலைப்பை இழந்த சுவடி நூலகத்தில் இருந்தும் இல்லாததாகிறது. இணையத்திலிருந்து பதிவிறக்கப்படும் தமிழ்க்கோப்புகள் சிலவற்றின் நிலையும் அத்தகையதே. தமிழில் பெயரிட்டு அனுப்பப்பெற்ற கோப்பு, பெறுவோரின் கணினியில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் நிறைந்த புதிராகவோ வெறும் அடிக்கோடுகளாகவோ வந்து சேர்வதுண்டு.

இக்குறை மொழியினுடையதன்று. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும், கோப்பை அனுப்பும் வழங்கி, அதன் பெயரை ஒரு சிறு குறிப்பில் முன்னதாகத் தெரிவிக்கிறது. அக்குறிப்பு ஆங்கில எழுத்துகளை மனத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டது. பிற எழுத்துகளை அதில் அமைப்பதற்கு அனைவரும் ஏற்ற விதி நெடுங்காலம் நிலைபெறவில்லை. ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் பொருள்கொண்டது. ஒன்றில் செம்மையாகத் தெரிந்த பெயர் மற்றொன்றில் சிதைந்தது.

2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6266 என்னும் இணைய நெறிமுறை இதற்குத் தீர்வு கண்டது. அதன்படி, வழங்கி இரு பெயர்களை அனுப்பலாம். பழைய உலாவிகளுக்கு எளிய ஆங்கில எழுத்துப்பெயர், ஏனையவற்றிற்கு யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தாய்மொழிப்பெயர். 'தமிழ்' என்னும் சொல் ஒருங்குறியில் 5 குறியீடுகளால் ஆனது. அவை 15 பைட்டுகளாகி, 45 எழுத்துக்குறிகளாக விரிந்து பயணம் செய்கின்றன; உலாவியை அடைந்ததும் மீண்டும் 'தமிழ்' ஆகின்றன. இன்றைய முதன்மை உலாவிகள் இம்முறையை அறியும்.

ஆங்கில எழுத்தில் பெயரிட்டால் இடரில்லையே என்பர் சிலர். அவ்வறிவுரை எளிது, அதனால் நேரும் இழப்போ பெரிது. வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துகளில் 'மரம்', 'மறம்' இரண்டும் ஒன்றாகிவிடும். 'பள்ளி'யும் 'பல்லி'யும் வேறுபாடு இழக்கும். தமிழ் மட்டுமே அறிந்த உழவர், தாம் பதிவிறக்கிய விண்ணப்பத்தைத் தம் கைப்பேசியிலேயே அடையாளம் காண இயலாமற்போனால், அச்சேவை அவரைச் சென்றடைந்ததாகக் கொள்ள முடியுமா?

விதி உண்டு, கருவியும் உண்டு. எஞ்சியிருப்பது நிரலாளரின் கவனமே. இணையத்தளத்தை மக்கள் பயன்பாட்டிற்கு விடுவதற்கு முன், தமிழ்ப்பெயருடைய கோப்பொன்றைப் பல உலாவிகளில் பதிவிறக்கிச் சோதித்தல் அவர்தம் கடமையாகும். தமிழில் எழுதிய கோப்பிற்குத் தமிழிலேயே பெயரிடுதல் பயனாளரின் உரிமையாகும். தொழில்நுட்பத்தின் வசதிக்காக மொழி தன் எழுத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மொழியின் எழுத்தைச் சிதையாமல் சுமப்பதே தொழில்நுட்பத்தின் பணி.