ரேடியோவைப் பதிவு பண்ணுறது திருட்டு இல்லீங்க

இன்டர்நெட்ல வர்ற வானொலியைப் பதிவு பண்ணி வைக்கிறேன்னு சொன்னா, பட்டணத்துச் சொந்தக்காரங்க ரெண்டு கேள்வி கேக்குறாங்க. "யூடியூப்ல எல்லாமே கிடக்கே, இது எதுக்கு?" இது ஒண்ணு. "அது திருட்டு இல்லையா?" இது இன்னொண்ணு. ரெண்டுக்கும் இங்கேயே பதில் சொல்லிடுறேன்.

நான் பதிவு பண்ணுறது சினிமாப் பாட்டு இல்லை. ஆகாசவாணி நிலையங்கள் விவசாயிக்குன்னு நடத்துற நிகழ்ச்சி. புகையான் வந்தா என்ன செய்யணும், எத்தனையாவது நாள் மேலுரம் போடணும், ரெண்டு நாள்ல மழை உண்டான்னு நம்ம பக்கத்து மண்ணுக்கும் பட்டத்துக்கும் ஏத்த மாதிரி பேசுவாங்க. யூடியூப்லயும் நெல்லைப் பத்தி ஏகப்பட்ட வீடியோ இருக்கு. ஆனா பேசுறவரு எந்த ஊரு, எந்தப் பட்டத்துக்குச் சொல்றாருன்னே பல வீடியோவுல தெரியாது. கடைசியில ஒரு மருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டுவாரு.

ரேடியோவை லேசா நினைக்காதீங்க. 1960கள்ல ஆடுதுறை 27ங்கிற குறுவை நெல்லு தஞ்சாவூர் ஜில்லாவுல பரவினதுக்கு திருச்சி வானொலி ஒரு பெரிய காரணம். சனங்க அதுக்கு 'ரேடியோ நெல்லு'ன்னே பேரு வச்சாங்க. அப்படி ஊரையே மாத்தின பேச்சு. இன்னைக்கு அதைத் திரும்பக் கேக்கணும்னா நீங்களும் நானும் எங்க போறது?

சிக்கலே நேரந்தான். காலையில நிகழ்ச்சி வர்றப்ப மாட்டுக்கிட்ட இருப்போம், இல்லேன்னா நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போவோம். சாயங்காலம் மடை திருப்பிக்கிட்டு இருப்போம். விவசாயிக்குப் போடுறதை விவசாயியால கேக்க முடியலை. நேரலை ஒலிபரப்பு முறைத்தண்ணி மாதிரி. நம்ம முறையில மடை திறக்கலேன்னா கடலுக்குப் போனதுதான்.

பதிவு பண்ணுறது பெரிய வித்தை இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்ச நானே பண்ணுறேன். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், எஃப்எஃப்எம்பெக்னு ஒரு இலவச மென்பொருள், அவ்வளவுதான். கருப்புத் திரையில ஒரே ஒரு வரி. இந்த முகவரியில வர்ற ஒலியை, 1800 விநாடிக்கு, மாத்தாம அப்படியே இந்தக் கோப்புல எழுதுன்னு அர்த்தம். கோப்பு பேருல தேதி தானா விழும். தினமும் சரியான நேரத்துக்கு அந்த வரியை எழுப்பி விடுறதுக்கு கிரான்னு ஒண்ணு லினக்ஸ்லயே இருக்கு. நாம வயல்ல இருக்கலாம், அது பாட்டுக்கு வேலை பார்க்கும். வயலுக்கு எடுத்துட்டுப் போற ரேடியோ பெட்டி எம்பி3 மட்டுந்தான் பாடும். அதனால ராத்திரியில எம்பி3யா மாத்த இன்னொரு வரி.

இடமும் அதிகம் தேவையில்லை. விநாடிக்கு 64 கிலோபிட்னா அரை மணி நேரத்துக்கு 14.4 எம்பி. வருஷம் பூரா தினமும் எடுத்தாலும் 5.3 ஜிபிக்குள்ள அடங்கும். சட்டைப்பையில போடுற 8 ஜிபி கார்டு போதும். புகையான் பத்தி ஆவணியில சொன்னதை, பூச்சி வந்து நிக்கிற ஐப்பசியில வரப்புல உக்காந்து கேக்கலாம்.

இப்ப திருட்டுக்கு வர்றேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 39ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. ஒருத்தர் சொந்த உபயோகத்துக்கு ஒலிப்பதிவு பண்ணிக்கிட்டா ஒலிபரப்புறவங்க உரிமையை மீறினதா ஆகாதுன்னு அதுல இருக்கு. வித்தாலோ, என் சேனல்ல ஏத்திக் காசு பார்த்தாலோ தப்பு. நான் அதைச் செய்யலை. அந்தக் காலத்துல டேப் ரெக்கார்டர்ல சிவப்புப் பொத்தானை அமுக்கினப்ப யாரும் நம்மளைத் திருடன்னு சொல்லலையே! கருப்புத் திரையில எழுதினா மட்டும் எப்படித் திருட்டாகும்? சர்க்கார் வானொலி நடக்குறது நம்ம எல்லாரு வரிப்பணத்துலயுந்தான்.

நிலையங்களையும் விடப்போறதில்லை. பழைய சங்கீதக் கச்சேரிகளை ஆகாசவாணி குறுந்தட்டாப் போட்டுது. நல்ல காரியம், குறை சொல்லலை. அதே மாதிரி ஒரு விவசாயி பேசினது, ஒரு நாட்டு விதைக்காரர் சொன்னது, நடவுப்பாட்டு இதையெல்லாம் தேதி போட்டு அடுக்கி, யாரும் எப்பவும் இறக்கிக் கேக்கற மாதிரி வைக்கணும். வித்துவான் குரல் பொக்கிஷம், சம்சாரி குரல் காத்தோட போகலாம்னா அது எந்த ஊரு நியாயம்? அவங்க அதைச் செஞ்சா என் லேப்டாப்புக்கு இந்த வேலையே கிடையாது. செய்யுற வரைக்கும் நான் நிறுத்தப்போறதும் இல்லை.

உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். உங்க பீரோவுல ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கிட்டு இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப அதைக் கொண்டாந்து, அப்பாவோ சித்தப்பாவோ கேக்குற நிலையத்துக்கு அந்த ரெண்டு வரியையும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரியும் வாங்கிக் கொடுங்க, எங்க ஊருல கரண்ட் சொல்லிட்டுப் போறதில்லை. ஒரு மணி நேர வேலை. உரம் வாங்கக் காசு அனுப்புறதுக்குக் குறைஞ்ச உதவி இல்லை இது.