நோயாளியோடு போக வேண்டிய தாள்

சிகிச்சை அறுபடுவதற்குப் போர்தான் மூள வேண்டும் என்பதில்லை. 2020 மார்ச்சில் மும்பையின் புறநகர் ரயில்கள் நின்றன. 25-ம் தேதி முதல் நாடே முடங்கியது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை பக்கம்தான். செம்பூரும் அப்படியொன்றும் தொலைவில்லை. ஆனால் ரயில் ஓடாத அந்த வாரங்களில், நோயாளிக்கு அந்தத் தூரமே மலைப்பாகிவிட்டது.

மருத்துவமனை மூடப்படவில்லை. பலரால் வந்து சேர முடியவில்லை. நாடெங்கும் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கு 2021-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியானது. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், 2020 மார்ச் முதல் மே வரை புதிய நோயாளிகளின் பதிவு 54 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய அறுவைச் சிகிச்சைகள் 49 சதவீதம்.

புற்றுநோய் சிகிச்சை நாள் கணக்கில் நடப்பது. கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள். கீமோதெரபி பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. நாள் தவறினால், மிச்சமுள்ள கட்டி மீண்டும் வளரலாம்.

இலங்கைத் தமிழர்கள் இதைப் போரிலேயே அனுபவித்தார்கள். அந்நாட்டின் பெரிய புற்றுநோய் மருத்துவமனை கொழும்பை அடுத்த மகரகமவில் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டதும் யாழ்ப்பாணத்து நோயாளிக்குத் தரைவழி இல்லை. கப்பல் அல்லது விமானம்தான். அதற்கும் ராணுவ அனுமதி வேண்டும்.

உக்ரைன் போர் இன்னொன்றைக் காட்டியது. 2022-லிருந்து புற்றுநோயுள்ள 1,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். பலர் போலந்து வழியாக. அவர்களது சிகிச்சைக் குறிப்புகள் மொழிபெயர்க்கப்பட்டன. புதிய டாக்டர், பழைய டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். தாராவித் தமிழர்களில் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். நெருக்கடி வந்தால் ரயிலேறிவிடுவார்கள். பையில் என்ன இருக்கும்? பழைய ஸ்கேன் படங்களும் மருந்துக் கடை ரசீதுகளும் இருந்தால் போதாது. பயாப்ஸி முடிவு, மருந்துகளின் பெயர், அளவு, முடிந்த சுற்றுகள், பெற்ற கதிர்வீச்சு, அடுத்த தேதி - இத்தனையும் ஒரே தாளில் வேண்டும்.

2012-ல் தொடங்கிய தேசிய புற்றுநோய் கூட்டமைப்பு நாட்டின் பல மருத்துவமனைகளை இணைத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இப்படியொரு தாளைத் தருவதை அது கட்டாயமாக்கலாம். அதுவரை, நோயாளியின் வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். செலவு ஒரு தாள். அடையாறிலோ மதுரையிலோ புதிய டாக்டர் முன் உட்காரும்போதுதான் அதன் விலை தெரியும்.